மேல் கோட்டில் நின்ற எண்ணெய்

ஓய்வு பெற்ற ஓட்டுநர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று சங்கத்து மலருக்காகக் கேட்டிருக்கிறார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுதினால் தப்பு வந்துவிடுமோ என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். எழுதாவிட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று இன்னொரு வாரம் கவலைப்பட்டேன். என் சுபாவமே அப்படி. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான்.

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் முதலாளியின் புதுக் காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். "என்ஜின் எண்ணெய் பாத்தியாப்பா?" என்று கேட்டேன்.

"கொறஞ்சா செவப்பு லைட்டு எரியும் பெரியப்பா. நாம எதுக்குப் பாக்கணும்?"

"கூடினா?"

சிரித்துவிட்டான். "எண்ணெ எங்கியாச்சும் தானா கூடுமா? அது என்ன பசுமாடா, ஊறுறதுக்கு?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூடும். எனக்குக் கூடியது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பெரம்பலூரில் ஒரு பஸ்ஸில் மூன்று வருடம் கிளீனராக இருந்தேன். அடி வாங்கினேன், தொழில் கற்றேன், லைசென்ஸ் எடுத்தேன். அந்தக் கதை எல்லா டிரைவருக்கும் ஒன்றுதான். இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், என் இருபத்திரண்டாவது வயதில், அதே ஊரில் டாக்டர் ஆக்னசம்மாளிடம் கார் ஓட்டச் சேர்ந்தேன். என் பெற்றோர் இருவரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அக்காவைக் கட்டிக் கொடுத்த இடத்தோடு பேச்சு வார்த்தை இல்லை. டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கார் நிற்கும் கொட்டகை இருந்தது. அதில் ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் என் கயிற்றுக் கட்டில்.

டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். டாக்டரம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேச மாட்டார். கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். நோயாளியிடம் கேட்கிற மாதிரியே எல்லோரிடமும் கேட்பார்: எத்தனை நாளா, எவ்வளவு, எப்போதிலிருந்து. நாம் சொல்லும் பதிலை அப்படியே நம்புவார். பொய் சொல்லியிருந்தால் பிறகு உடம்பே சொல்லிவிடும் என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம்.

கார் பழைய நாலு சிலிண்டர் வண்டி. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் நான் வருவதற்கு முன்பே செத்துவிட்டது. ஆகவே என்ஜினுக்குள் விட்டு அளவு பார்க்கும் எண்ணெய்க் கம்பி ஒன்றுதான் கதி. அதில் இரண்டு கோடு. கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் ஆபத்து. மேல் கோட்டுக்கு மேலே போனாலும் ஆபத்து. பிளக்கில் எண்ணெய் ஏறிப் புகையும். இரண்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும்.

இளைஞர்கள் இதைப் படிப்பதாக இருந்தால், பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டி மட்டமான தரையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்திருந்தால் கம்பி பொய் சொல்லும். என்ஜினை நிறுத்தி, ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரமாவது காத்திருக்க வேண்டும். மேலே ஏறிய எண்ணெய் வடிந்து கீழே வரட்டும். முதல் தடவை கம்பியை உருவும்போது தெரிவது கணக்கில் இல்லை. நூல் பிரியாத பழைய வேட்டித் துணியால் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி உருவ வேண்டும். கம்பியைத் தலைகீழாகத் தூக்கக் கூடாது, எண்ணெய் ஓடிக் கோட்டை மறைத்துவிடும். படுக்கை வசமாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். குறைந்தால் கொஞ்சமாக ஊற்றி, காத்திருந்து, திரும்பப் பார்க்க வேண்டும். கூடினால் அடியில் இருக்கும் நட்டைத் தளர்த்தி வடிக்க வேண்டும்.

இதை நாளைக்கு ஒரு தடவை செய்தால் போதும். நான் மூன்று தடவை செய்தேன். வெளியூர் போனால் மட்டமான தரையைத் தேடி நெல் அடிக்கும் களத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். செந்துறைப் பக்கம் ஒரு விவசாயி, "என்னா டிரைவரே, காரை உட்டுப் போரடிக்கப் போறியா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. யாரோ பேசினார்களே. நோயாளி வீட்டு வாசலில் காரோடு நிற்கிறவனிடம் பொதுவாக யாரும் பேச மாட்டார்கள். எல்லோரும் உள்ளே கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் வரும், அதைக் கொண்டுவருகிற ஆள் வைத்துவிட்டு ஓடிவிடுவார். நான் மணிக்கணக்கில் நிற்பேன். கம்பியைத் துடைப்பேன். வேறென்ன செய்வது?

பெட்ரோலைக் கூப்பன் வைத்து அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். டாக்டருக்குக் கொஞ்சம் கூடுதல் உண்டு. ஆனாலும் மாதம் இருபதாம் தேதிக்கு மேல் டாங்க் காய்ந்துவிடும். ஒரு நாள் காலையில் கிளம்பும்போது டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார்: "இப்படியே போனா வண்டிய ஷெட்டுல நிறுத்திட வேண்டியதுதான் செல்லமுத்து. நான் பஸ்ல போயிக்கிறேன். நீ வேற எடம் பாத்து வச்சுக்க."

அவர் சொல்லி மறந்திருப்பார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போவதை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தக் கொட்டகையை விட்டால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒரு ஆள் கிடையாது.

பெரம்பலூரில் காதர் பாய் என்று ஒரு மளிகைக்காரர். அவர் மகளுக்குப் பிரசவம் பார்த்தது டாக்டரம்மாதான். அவரிடம் போய் நின்றேன். மண்ணெண்ணெயும் அப்போது தட்டுப்பாடுதான். அவர் யோசித்துவிட்டு ஒரு டின் எடுத்துக் கொடுத்தார். "டாக்டரம்மா பேருக்குத்தான் குடுக்கறேன். வாராவாரம் வந்து வாங்கிக்க. வெளிய மூச்சு விடாதே. அல்லா பாத்துக்குவான்."

பெட்ரோலில் மண்ணெண்ணெயைக் கலந்தேன். சில லாரிக்காரர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருந்தேன். முதலில் நாலில் ஒரு பங்கு. காலையில் கிளப்பும்போது மட்டும் தனிப் பெட்ரோலைக் கொஞ்சம் விட்டால், சூடானதும் கலப்படத்திலேயே ஓடியது. பின்னால் புகை வந்தது. நாற்றமும் வந்தது.

"என்ன இது வாடை?" என்று டாக்டரம்மா ஒரு நாள் கேட்டார்.

"சண்டைக் காலத்துப் பெட்ரோலுங்கம்மா. இப்ப எல்லாமே இப்படித்தான் வருது."

"ஓ" என்றார். நம்பிவிட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் எண்ணெய் கூட ஆரம்பித்தது. முன்பெல்லாம் வாரம் ஒரு தடவையாவது கொஞ்சம் ஊற்றுவேன். இப்போது ஊற்ற வேண்டியே இல்லை. பத்து நாள் ஓடியும் கம்பியில் எண்ணெய் அதே இடத்தில் நின்றது. எண்ணெயும் கிடைக்காத காலம். கடவுளாகப் பார்த்துச் செய்கிறார் என்று நினைத்தேன். என் ஆயுளில் கவலை இல்லாமல் தூங்கிய நாட்கள் என்றால் அந்த இரண்டு மாதம்தான்.

பிறகு எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டியது. அப்போதாவது ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். எனக்கு வந்த கவலை வேறு: அளவு தப்பிவிட்டதே. வண்டிக்கு அடியில் படுத்து, நட்டைத் தளர்த்தி, அரைத் தம்ளர் வடித்தேன். கம்பியைப் பார்த்தேன். மேல் கோட்டில் கச்சிதமாக நின்றது. பத்து நாள் கழித்து மறுபடி கூடியது. மறுபடி வடித்தேன். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது, எண்ணெயோடு கலக்கிறது, நான் வடிக்கும் ஒவ்வொரு தடவையும் நல்ல எண்ணெயும் சேர்ந்து போகிறது, மிச்சம் நிற்பது நாளுக்கு நாள் நீர்த்துப்போகிறது. இதில் எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் கோட்டைத்தான் பார்த்தேன்.

வடித்ததைக் கல்லங்குறிச்சி வீராசாமிக்குக் கொடுத்தேன். அரியலூர் ரயிலடிக்குச் சரக்கு ஏற்றி வரும் மாட்டு வண்டிக்காரர். அச்சுக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று ஆசையாகத்தான் கொடுத்தேன். அடுத்த தடவை பார்த்தபோது திட்டினார்.

"என்னாய்யா எண்ணெ குடுத்த? போட்டு ரெண்டு மைல் போவல, அச்சு ஊரக் கூட்டுது. எங்க வூட்டு வெளக்கெண்ணெயே தேவல போ!"

"மோட்டார் எண்ணெய் அண்ணே. சீமைச் சரக்கு."

"சீமைக்காரன் அச்சுல போட்டுக்கச் சொல்லு."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள், காலைப் பஸ்ஸில் அரியலூரிலிருந்து ஒரு ஆள் வந்து இறங்கினான். கல்லங்குறிச்சிக்கு அப்பால் மூன்று மைலில் அவன் ஊர். அண்ணன் மனைவிக்கு விடிகாலையில் குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா இரண்டு கேள்விதான் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு ஏறினார். அந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் புறப்படும் முன்பு கம்பியைப் பார்த்தேன். மேல் கோடு.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா, "கொஞ்சம் வேகமாப் போ" என்றார். அவர் அப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. விரட்டினேன். அரியலூர் ரயில்வே கேட் தாண்டும்போது என்ஜினுக்குள் 'டக் டக்' என்று ஒரு சத்தம். காதில் விழாதது போல ஓட்டினேன். கல்லங்குறிச்சிச் சாலையில் ஒரு மைல் போனதும் அது சம்மட்டி அடியாக மாறியது. பிறகு ஒரு முறுக்கு. வண்டி நின்றுவிட்டது. முன்பக்கம் கைப்பிடி போட்டு என்ஜினைச் சுற்றினேன், அசையவில்லை.

பக்கத்தில் இருந்த ஆள் இறங்கிச் சாலையோடு ஓட ஆரம்பித்தான். எங்கே ஓடுகிறான், ஓடி என்ன ஆகப் போகிறது என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. டாக்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தார்.

அன்றைக்குக் கல்லங்குறிச்சிக் கோயிலில் திருவிழா. சாலையில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த ஒரு வண்டி வீராசாமியுடையது. வண்டி நிறைய ஒரு குடும்பம், மொட்டை போடுவதற்குப் போகிறது. நான் கத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் மாடு ஓட்டும் தார்க்குச்சியால் வண்டிச் சட்டத்தைத் தட்டினார்.

"எல்லாரும் எறங்குங்க. சீக்கிரம். பெருமாள் எங்கியும் போயிட மாட்டாரு, நடந்து போய் கும்பிடுங்க."

அவர்களும் உடனே இறங்கினார்கள். டாக்டரம்மா ஏறினார். மாடுகள் ஓட்டமெடுத்தன. வண்டி தூசிக்குள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலை பத்தரை இருக்கும். அப்போதிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அந்தச் சாலையில் செத்த வண்டியோடு உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் "ஓடலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் திரும்பி வந்தவர்கள் "இன்னும் ஓடலியா?" என்றார்கள். அந்தப் பெண் இருக்கிறாளா இல்லையா என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்தத் திசையிலிருந்து ஒவ்வொரு வண்டியாக வரும்போதும் எழுந்து நின்றேன்.

நடுவில் பழக்க தோஷத்தில் கம்பியை உருவினேன். துடைத்தேன், விட்டேன், உருவினேன். மேல் கோட்டில் கச்சிதமாக நின்றது. என்ஜின் உள்ளே உருகிக் கிடக்கிறது, எண்ணெய் சரியாக இருக்கிறது. எனக்குப் புத்தி கலங்குவது போல இருந்தது. அப்போதுதான், முதல் முதலாக, அந்தச் சொட்டை விரலில் தொட்டேன். வழவழப்பே இல்லை. தண்ணீர் மாதிரி ஓடியது. முகர்ந்தேன். காதர் பாய் கடை வாசனை அடித்தது.

சூரியன் பனைக்குக் கீழே இறங்கும்போது வீராசாமியின் வண்டி வந்தது. ரத்தக் கறை இருக்கிறதா என்று டாக்டரம்மா புடவையின் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தேன். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"பொழச்சிக்கிட்டா" என்றார். பிறகு, "இன்னும் அரை மணி ஆயிருந்தா கிடையாது."

இறங்கி வந்து காரைப் பார்த்தார்.

"வண்டிக்கு என்ன?"

"தெரியலிங்கம்மா" என்றேன்.

மறுநாள் மாடு கட்டி வண்டியை அரியலூருக்கு இழுத்துப் போனோம். ரயிலடிப் பக்கம் கோவிந்தன் மேஸ்திரி ஷெட் வைத்திருந்தார். வாயில் எப்போதும் புகையிலை. என்ஜினின் அடித் தொட்டியைக் கழற்றி, எண்ணெயில் இரண்டு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு எண்ணெயா? திரியப் போட்டா நின்னு எரியும்டா. எத்தினி நாளா மண்ணெண்ணெ ஊத்துற?"

அவர் பேரிங்கைத் தட்டி எடுத்தார். உள்ளே இருந்த ஈயம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விடு. பழைய வண்டி, பேரிங் தேஞ்சு போச்சுன்னு அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவங்களுக்கு என்ன தெரியப் போவுது? நீ வாயத் தொறக்காத, அது போதும்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் பெரம்பலூர் வந்தேன். வழி முழுக்க அதையே ஒத்திகை பார்த்தேன். பழைய வண்டி, பேரிங் தேஞ்சு போச்சு. அவர் 'ஓ' என்பார். நம்பிவிடுவார். அதை நினைத்தபோதுதான் என்னால் முடியாது என்று தெரிந்தது.

டாக்டரம்மா ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"எத்தனை நாளா?"

"தை மாசத்துலேருந்துங்கம்மா."

"எவ்வளவுக்கு எவ்வளவு?"

"மொதல்ல நாலுல ஒண்ணு. கடைசியில பாதிக்குப் பாதி."

"எதுக்கு?"

"வண்டி நின்னுட்டா என்னைப் போகச் சொல்லிடுவீங்கன்னு."

அவர் ஒரு ஊசியை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். "தினம் மூணு தடவ கம்பிய உருவுவியே, அது என்ன காட்டிச்சு?"

"சரியாத்தாங்கம்மா காட்டிச்சு. மேல் கோட்டுலதான் இருந்துச்சு."

அப்போதுதான் திரும்பினார். "காய்ச்சல் பாக்கற கம்பிய மட்டும் பாத்துட்டு ஆளப் பாக்காம போற வைத்தியனா நீ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு, "அரியலூர்ல போயி மேஸ்திரிகூட இரு. வண்டி சரியானா கொண்டுகிட்டு வா. இனிமே எடுக்கறதுக்கு முன்னாடி கம்பிய என்கிட்ட காட்டணும். ஒவ்வொரு தடவையும்" என்றார்.

பேரிங்குக்கு ஈயம் உருக்கி ஊற்றி, சுரண்டி, பொருத்தி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை டாக்டரம்மா பஸ்ஸிலும் வீராசாமி வண்டியிலும் போய் வந்தார். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு மாதக் கடைசியில் பெட்ரோல் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அவர் பஸ்ஸில் போவார். நான் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். வேறு இடம் பார் என்று அவர் பிறகு சொல்லவே இல்லை.

ஓடுகிற நாட்களில், பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் வந்து நிற்பார். நான் கம்பியைத் துணி மேல் படுக்க வைத்து நீட்டுவேன். கோட்டைப் பார்ப்பார். ஒரு சொட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். முகர்வார். "ம்" என்பார். பிறகு போய் மறுபடி சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஏறுவார்.

முதல் சில மாதம் அவமானமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "டாக்டரம்மா காருக்கும் நாடி பாக்கறாங்கடியோ" என்று ஒரு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. போகப் போக அது எனக்குப் பழகிவிட்டது. தேய்த்துக்கொண்டே ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார். "இன்னிக்கு மழை வரும்போல." "நேத்திக்குப் பாத்தோமே அந்தக் கெழவர், கஞ்சி குடிச்சாராம்." ஒரு தடவை, "எங்கப்பாவும் இப்படித்தான், மையத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுதான் எழுதுவார்" என்றார். நானும் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்வேன். ஒரு நிமிஷம் இருக்கும். அன்றைய பொழுதில் நான் இன்னொரு மனுஷரோடு பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான். அதற்காக விடிகாலையிலேயே எழுந்து கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

சண்டை முடிந்தது. கூப்பன் மட்டும் முடியவில்லை. இரண்டு வருடம் போல இப்படியே போயிற்று. ஒரு நாள் காலை வாலிகண்டபுரத்துக்குப் போக வேண்டும். நான் கம்பியைத் துணியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் நின்றேன். டாக்டரம்மா பையோடு வந்தார். என்னைத் தாண்டிப் போனார். தானே பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"போலாம் செல்லமுத்து."

"அம்மா, கம்பி..."

"நீ பாத்தியா?"

"பாத்தேங்கம்மா."

"தொட்டு, மோந்து?"

"பாத்தேங்க."

"அப்புறம் என்ன? எடு."

கம்பியைச் செருகிவிட்டு வண்டியை எடுத்தேன். எந்த வார்த்தைக்காக முதல் சில மாதம் ஏங்கினேனோ அதை இப்போது சொல்லிவிட்டார். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அவரோடு பேசும் அந்த ஒரு நிமிஷம் அன்றைக்கு இல்லை. பின் சீட்டில் ஏதோ காகிதம் படித்துக்கொண்டு வந்தார்.

நோயாளி வீட்டில் அவர் இறங்கி உள்ளே போனதும், தெருவில் மட்டமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தினேன். காத்திருந்து, கம்பியை உருவி, துடைத்து, திரும்ப உருவிப் பார்த்தேன். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. சொட்டை எடுத்துத் தேய்த்தேன். வழுக்கியது. முகர்ந்தேன். எண்ணெய் வாசனைதான். தெருவில் ஒரு ஆளும் இல்லை. இருந்தாலும் கம்பியைத் துணி மேல் படுக்க வைத்து முன்னால் நீட்டிக்கொண்டு, "சரியா இருக்குங்கம்மா" என்றேன்.